நெஞ்சு வலின்னு சொன்னோம்

இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.

இன்னிக்கு எபிசோட் வழக்கத்தைவிட கொஞ்சம் கனமானது. தற்கொலையால் வீட்டில் ஒருத்தரை இழந்தவங்களைப் பத்திப் பேசப்போறேன். எப்படி நடந்தது என்கிற விவரம் எதுவும் இதில் வராது. ஆனாலும் இப்போ கேட்கிற மனநிலை இல்லைன்னா தாராளமா நிறுத்திடுங்க, இன்னொரு நாள் வாங்க. உங்களுக்கே யார்கிட்டயாவது பேசணும்போல இருந்தா 14416-க்குக் கூப்பிடுங்க. தமிழில் பேசலாம், காசு கிடையாது. இந்த நம்பரைக் கடைசியிலும் ஒரு தடவை சொல்றேன்.

சரி, ஊர்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

நம்ம ஊரு கே.ஜி.கண்டிகை. திருத்தணி பக்கம். சென்னையில் இதைச் சொன்னா "அது எங்கே?"ம்பாங்க. "திருத்தணி" என்றதும் "ஓ, முருகன் கோயில்!" என்று முடிச்சிடுவாங்க. அங்கே என்கூட ஒண்ணாங்கிளாஸிலிருந்து படிச்ச ஒருத்தன் இருந்தான். ஒரே ஷேர் ஆட்டோ, ஒரே டியூஷன், அப்புறம் ரெண்டு பேரும் இன்ஜினியரிங். அவன் பெயரை இங்கே சொல்லப்போறதில்லை. மறைக்கிறதுக்காக இல்லை, அவங்க அம்மாவைக் கேட்காமல் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அதான்.

அவனுக்கு 23 வயசு. எனக்கு முதல் வேலை கிடைச்சு நாலு மாசம். காலையில் போன் வந்துச்சு. சென்ட்ரலுக்கு ஓடி, திருத்தணி லோக்கல் பிடிச்சு ஊர் போய்ச் சேரும்போது தெரு முனையிலேயே ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். எங்க எல்லாருக்கும் தாத்தா மாதிரி. தோளில் கை வெச்சு மெதுவா சொன்னார்: "யாராவது கேட்டா நெஞ்சு வலின்னு சொல்லு கண்ணு. அவங்க வீட்டுக்குக் கஷ்டம் வரக்கூடாது."

நான் சொன்னேன். காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பிலும் அதையேதான் போட்டேன். 23 வயசுப் பையனுக்கு நெஞ்சு வலி. அறுபது பேர் இருந்த குரூப்பில் ஒருத்தர்கூட கேள்வி கேட்கலை. கும்பிடுற கை எமோஜி வரிசையா வந்துச்சு, ரெண்டு நாளில் குரூப் பழையபடி மீம்ஸுக்குத் திரும்பிடுச்சு.

போன ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்குப் போனப்போ அவங்க வீட்டுக்குப் போனேன். ரொம்ப நாள் கழிச்சு. அம்மா வழக்கம்போல "சாப்ட்டியா பா?"ன்னு கேட்டாங்க. காபி குடிச்சேன். வேலை, சம்பளம், எப்போ கல்யாணம், எல்லாம் விசாரிச்சாங்க. நானும் ஏதேதோ பேசினேன். கிளம்பும்போது வாசல்படியில் நின்னு சொன்னாங்க:

"எல்லாரும் வந்துட்டுதான் போறாங்க பா. அவன் பேரை மட்டும் யாரும் எடுக்கறதில்ல. நான் எடுத்தாலும் பேச்சை மாத்திடறாங்க. அப்படி ஒருத்தன் இருந்தானான்னு எனக்கே சந்தேகமா ஆயிடுச்சு."

நானும் அன்னிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவைகூட அவன் பெயரைச் சொல்லலை.

திரும்பி வரும் டிரெயினில் மண்டையில் ஒரே கேள்விதான். அந்தத் தாத்தா கெட்டவர் இல்லை. பாசத்தில்தான் அந்தப் பொய்யை என் கையில் கொடுத்தார். அப்போ இந்தப் பொய் எங்கேர்ந்து வந்துச்சு? எதிலேர்ந்து காப்பாத்த வந்துச்சு? நான் தேடிப் படிச்சதுதான் இன்னிக்கு எபிசோட்.

பாசத்தில் பிறந்த பொய்

முதல்ல இங்கிலாந்துக்குப் போகணும். ஏன்னா நம்ம சட்டம் அங்கேர்ந்துதான் வந்துச்சு.

இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் தற்கொலை ஒரு பெருங்குற்றம். இறந்தவரை என்ன தண்டிக்க முடியும்? இரண்டு விதமாகத் தண்டித்தார்கள். ஒன்று, உடலுக்கு தேவாலயக் கல்லறையில் இடமில்லை, நாற்சந்தியில் புதைத்தார்கள். இரண்டாவது, இறந்தவரின் சொத்து அரசருக்குப் போய்விடும். பணம், பாத்திரம், மாடு எல்லாம். அதாவது அப்பாவை இழந்த வீட்டில் மறுவாரம் மாட்டையும் ஓட்டிக்கொண்டு போவார்கள். செத்தவருக்கு எந்தத் தண்டனையும் போய்ச் சேராது. தண்டனை முழுக்க மிச்சம் இருப்பவர்களுக்குத்தான்.

யார் தீர்ப்பு சொல்வது? கரோனர் என்கிற அதிகாரி ஊர்க்காரர்களை ஜூரியாக உட்கார வைத்து விசாரிப்பார். அந்த ஜூரிகள் யார்? பக்கத்து வீட்டுக்காரர்கள். அந்த விதவையை அவர்களுக்குத் தெரியும், அந்தக் குழந்தைகளைத் தெரியும். சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. இறந்தவர் புத்தி சுவாதீனம் இல்லாமல் இருந்தார் என்று சொன்னால் சொத்து குடும்பத்துக்கே கிடைக்கும். 1660-களுக்குப் பிறகு ஜூரிகள் இந்தத் தீர்ப்பை மேலும் மேலும் சொல்லத் தொடங்கினார்கள். 18-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய எல்லா வழக்கிலும் இதே தீர்ப்புதான்.

இதைப் படிச்சதும் எனக்கு அந்தத் தாத்தாதான் ஞாபகத்துக்கு வந்தார். "அவங்க வீட்டுக்குக் கஷ்டம் வரக்கூடாது." முன்னூறு வருஷம் முன்னாடி, வேற கண்டத்தில், வேற மொழியில் இதே வாக்கியத்தை யாரோ மெதுவாகச் சொல்லியிருப்பாங்க.

நாற்சந்தியில் புதைப்பதை 1823-ல் ஒரு சட்டம் போட்டு நிறுத்தினார்கள். சொத்துப் பறிமுதல் 1870-ல் போனது. ஆனால் முயற்சி செய்து பிழைத்தவர் குற்றவாளி என்பது மட்டும் 1961 வரை அங்கே நீடித்தது.

நம்ம பக்கம் வந்தது என்ன

1860-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் எழுதப்பட்டது. 1862 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. சொத்துப் பறிமுதல் அதில் இல்லை. ஆனால் 309-ஆவது பிரிவு இருந்தது: முயற்சி செய்து பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை. 306-ஆவது பிரிவு தூண்டியவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது.

அதோடு இன்னொரு பிரிவும் வந்தது. அதைப் பத்தி யாரும் அதிகமா பேசறதில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174. தற்கொலை என்று தகவல் வந்தால் காவல் துறை நேரில் போக வேண்டும். அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள இரண்டு பேரோ அதற்கு மேலோ சாட்சியாக இருக்க, உடலைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். 1898-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது 174-தான், 1973-ல் புதுசா எழுதின சட்டத்திலும் 174-தான். வெர்ஷன் மாறியும் பங்க்ஷன் பெயர் மாறலை. 2024 ஜூலை 1-லிருந்து புதிய சட்டத்தில் அது 194-ஆவது பிரிவு. வேலை அதேதான்.

எங்க ஊர்ப் பெரியவங்களுக்கு இது வேற மாதிரி ஞாபகம் இருக்கும். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். எல்லைப் போராட்டம், ம.பொ.சி. எல்லாம் பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்க. எல்லைக்கோடு இந்தப் பக்கம் நகர்ந்தது, ஆபீஸ் போர்டில் எழுத்து மாறியது, ஆனால் இந்தச் சட்டம் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஊரில் அகால மரணம் நடந்தால் கிராம முன்சீப் தகவல் கொடுக்கணும். 1980-ல் அந்தப் பதவியை ஒழித்து வி.ஏ.ஓ. வந்த பிறகும் தகவல் போகிற வழி மாறலையே தவிர, வேறு யாரும் அந்த வீட்டுக்கு வரலை.

அந்தச் சாட்சிகளைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நம்ம பக்கம் பஞ்சாயத்தார் என்று சொல்வோம். சாதாரண சாவு என்றால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்வார்? பந்தல் போட ஆள் கூப்பிடுவார், வர்றவங்களுக்கு டீ வாங்கி வருவார், அழற பிள்ளையைத் தூக்கி வெச்சுக்குவார். இந்தச் சாவில் அதே மனுஷன் பேப்பரில் கையெழுத்துப் போடுகிறார். "இவருக்கு வீட்டில் ஏதாவது தகராறா?" என்கிற கேள்விக்குப் பதில் சொல்கிறார். துக்கம் கேட்க வேண்டியவரைச் சட்டம் சாட்சியாக்கிவிடுகிறது.

உடல் அரசு மருத்துவமனைக்குப் போகும். சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2021 நவம்பரில் அனுமதித்தது. ஆனால் கொலை, தற்கொலை போன்றவற்றுக்கு அந்த அனுமதி பொதுவாக இல்லை. அதனால் மாலையில் நடந்தால் குடும்பம் ராத்திரி முழுக்கக் காத்திருக்கணும். நாங்களும் காத்திருந்தோம். எந்த மருத்துவமனை என்பது முக்கியமில்லை. மரத்தடி பெஞ்சில் அவங்க அப்பா உட்கார்ந்திருந்தார். அந்த ராத்திரியில் அவர்கிட்ட வந்து பேசினவங்க எல்லாருமே கையில் பேப்பரோட வந்தாங்க. பெயர் என்ன, வயசு என்ன, கடைசியா யார் பார்த்தது. "நீங்க தண்ணி குடிச்சீங்களா?"ன்னு கேட்கற வேலை யாருக்குமே கொடுக்கப்படலை.

இந்த இடத்தில் நியாயமா ஒண்ணு சொல்லணும். விசாரணை வேண்டாம்னு நான் சொல்லலை. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இறந்தால் கட்டாயம் விசாரிக்கணும் என்று 1983-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். நம்ம ஊரில் ஆர்.டி.ஓ. விசாரணை என்று சொல்றோமே, அது. வரதட்சணைக் கொடுமையில் செத்துப்போன பெண்களுக்காக வந்தது. அது இல்லாமல் போனால் நிறைய கொலைகள் தற்கொலை என்ற பெயரில் எரிந்து முடிந்துவிடும். என் கேள்வி வேற. அந்த வீட்டுக்கு அரசு அனுப்புவது விசாரணையை மட்டும்தானா?

சட்டம் போகப் போராடிய கதை

1971-லேயே சட்ட ஆணையம் தன் 42-ஆவது அறிக்கையில் 309-ஐ எடுத்துவிடச் சொன்னது. 1978-ல் அதற்கான மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறுவதற்குள் அவையே கலைந்துவிட்டது. 1994-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லாது என்றது. இரண்டு வருஷம்கூட ஆகலை, 1996 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லும் என்று மாற்றியது. 2008-ல் மறுபடி சட்ட ஆணையம், 210-ஆவது அறிக்கை, மறுபடி அதே பரிந்துரை.

கடைசியில் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 வந்தது. 2018 மே 29-ல் அமலானது. அதன் 115-ஆவது பிரிவு, முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், வழக்குப் போடக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்கிறது. 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது பழைய 309 அதில் இல்லை. அரசு ஊழியரை நிர்பந்திக்க முயற்சி செய்தால் தண்டனை என்கிற ஒரு பிரிவு மட்டும் இருக்கிறது.

இங்கிலாந்து 1961-ல் விட்டதை நாம் முழுசாக விட 63 வருஷம் ஆச்சு. இலங்கை நமக்கு முன்னாடியே, 1998-ல் நீக்கிடுச்சு.

இதில் ஒன்று கவனிச்சீங்களா? இத்தனை வருஷப் போராட்டமும் பிழைச்சவரைப் பத்தினது. அது அவசியம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் பிழைக்காதவரின் அம்மாவுக்கு 115-ஆவது பிரிவில் ஒரு வரிகூட இல்லை.

நான் சாப்ட்வேர்காரன், அதனால் எனக்கு இப்படித்தான் தோணுது. ஒரு பழைய பக் இருந்துச்சு: துக்க வீட்டைத் தண்டிக்கிற சட்டம். அதிலிருந்து தப்பிக்க ஊர் சேர்ந்து ஒரு பேட்ச் எழுதிச்சு: "நெஞ்சு வலி." பக் போயிடுச்சு. பேட்சை யாரும் எடுக்கலை. இப்போ அந்தப் பேட்சே வேற எதையோ உடைச்சுக்கிட்டிருக்கு.

கேட்பதற்காக ஒரு போன்

விசாரிக்க இல்லாமல், கேட்பதற்காக மட்டும் ஆள் வேண்டும் என்று யாருக்கு முதலில் தோன்றியது?

1935. இங்கிலாந்தின் லிங்கன் ஊரில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார். அவர் நடத்திய முதல் இறுதிச் சடங்கு 14 வயதுப் பெண்ணுக்கு. முதல் மாதவிடாய் வந்ததை ஏதோ பெரிய நோய் என்று பயந்து, கேட்க யாரும் இல்லாமல் உயிரை விட்டவள். அது அவரை விடவே இல்லை. 1953 நவம்பர் 2-ல் லண்டனில் தன் தேவாலயத்தில் ஒரு போனை வைத்து, உயிரை விட நினைப்பவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். அதுதான் சமாரிட்டன்ஸ்.

இதில் எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அவரைப் பார்க்க வந்து காத்திருந்தவங்களுக்கு டீ கொடுக்க, பேச்சுத்துணையா இருக்க, சாதாரணத் தன்னார்வலர்கள் சிலர் இருந்தாங்க. கொஞ்ச நாளில் சாட் வாராவுக்கு ஒன்று புரிந்தது. நிறைய பேர் டீ குடித்துக்கொண்டே பேசி முடித்துவிட்டு, அவரைப் பார்க்காமலே நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள். அதனால் கேட்கிற வேலையை அவர்களிடமே கொடுத்துவிட்டார். நிபுணர் தேவையில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. நிபுணர் வருவதற்கு முன்னாடி ஒரு மனுஷன் வேணும், அவ்வளவுதான்.

1974-ல் கொழும்பில் சுமித்ரயோ தொடங்கியது, அதே முறையில். 1986-ல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ஸ்நேகாவைத் தொடங்கினார். இன்றைக்கும் அது தன்னார்வலர்களை வைத்துத்தான் நடக்கிறது.

தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. சமாரிட்டன்ஸ் தொடங்கும்போது இங்கிலாந்தில் அது குற்றம். சட்டம் மாற எட்டு வருஷம். ஸ்நேகா தொடங்கும்போது இங்கே அது குற்றம். வழக்குப் போடாமல் நிறுத்த 32 வருஷம். இரண்டு இடத்திலும் சட்டத்துக்கு முன்னாடியே அந்தப் போனை எடுத்தது சாதாரண ஜனங்கள்.

மிச்சம் இருப்பவர்களுக்கு ஒரு பெயர்

இழந்தவர்களைப் பற்றித் தனியாக யோசித்தவர் அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன். 1950-களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் அவரும் நண்பர்களும் தற்கொலைத் தடுப்பு மையம் நடத்தினார்கள். சில மரணங்கள் எப்படிப்பட்டவை என்று கரோனருக்குப் புரியவில்லை. இவர்களை உதவிக்குக் கூப்பிட்டார். இவர்கள் அந்தந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, இறந்தவர் எப்படிப்பட்டவர், கடைசி நாட்களில் எப்படி இருந்தார் என்று பொறுமையாகக் கேட்டார்கள். உளவியல் பிரேதப் பரிசோதனை என்று அதற்குப் பெயர் வந்தது.

இந்த முறை சென்னைக்கும் வந்தது. லட்சுமி விஜயகுமாரும் ராஜ்குமாரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலையால் இறந்த 100 பேரின் குடும்பங்களிடம் இப்படித்தான் கேட்டறிந்தார்கள். நூறு வீடு. போலீஸ் போன பிறகு இன்னொருவர் வந்து "உங்க பிள்ளையைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்ட நூறு வீடு என்று நான் நினைச்சுக்கிறேன்.

அந்த மரணத்துக்குப் பிறகு மிச்சம் இருப்பவர்களுக்குத் தரும் உதவிக்கு ஷ்னைட்மன் போஸ்ட்வென்ஷன் என்று பெயர் வைத்தார். பின்-ஆதரவு என்று வைத்துக்கொள்வோம். அவர் சொன்னதன் சாரம்: இழந்தவர்களைத் தாங்குவதும் ஒரு தடுப்பு வேலைதான். ஏன்னா இப்படி ஒருத்தரை இழந்தவங்களுக்கே ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்று பிறகு வந்த ஆய்வுகளும் சொல்லுது.

எத்தனை பேர் அவர்கள்? ஒரு மரணத்துக்கு ஆறு பேர் என்பது ஷ்னைட்மன் காலத்துக் கணக்கு. ஜூலி செரலும் குழுவும் அமெரிக்காவில் சமீபத்தில் செய்த ஆய்வு, ஒரு மரணம் 135 பேரைத் தொடுகிறது என்றது. நெருங்கியவர் முதல் ஆபீஸ் சகா வரை. 2022-ல் இந்தியாவில் பதிவான தற்கொலைகள் 1,70,924. அதில் தமிழ்நாட்டில் 19,834. பழைய ஆறு பேர் கணக்கையே போட்டாலும் ஒரே வருஷத்தில் நாட்டில் பத்து லட்சம் பேருக்கு மேல் இந்தத் துக்கத்துக்குள் போகிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஒரு லட்சத்து பத்தொன்பதாயிரம் பேர். அதில் எத்தனை பேர் "நெஞ்சு வலி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

மௌனம் படிச்சவங்க, பெரிய பதவியில் இருக்கிறவங்களையும் விடறதில்லை. அமெரிக்க செனட்டர் ஹாரி ரீட் 1972-ல் அப்பாவை இப்படி இழந்தார். பல வருஷம் வெளியே பேசவே இல்லை. பேச ஆரம்பித்த பிறகு, 1999-ல் அவர் முயற்சியால் இழந்தவர்களுக்காக ஒரு நாள் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு நவம்பரிலும், அங்கே நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை. இப்போ பல நாடுகளில் அனுசரிக்கிறாங்க.

நம்ம மாநிலத்திலேயே, மதுரையில் ஒருத்தர் இருக்கார். நந்தினி முரளி. 2017-ல் கணவரைத் தற்கொலையில் இழந்தவர். நம்ம சமூகத்தில் இதற்கப்புறம் ஒரு பெண்ணுக்கு என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியும். "வீட்ல என்ன பிரச்னையோ" என்பதுதான் முதல் வார்த்தை. அவர் ஒளியலை. எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளையோடு சேர்ந்து 'ஸ்பீக்' என்ற முயற்சியைத் தொடங்கினார். தன்னைப் போல இழந்தவர்களுக்காகப் பேசுகிறார், எழுதுகிறார். 2021-ல் தன் அனுபவத்தை 'லெஃப்ட் பிஹைண்ட்' என்ற ஆங்கிலப் புத்தகமாகக் கொண்டுவந்தார். சொந்தப் பெயரில், அட்டையில் முகவரி மாதிரி தெளிவாக.

இன்னொரு உதாரணத்தோடு இந்தப் பகுதியை முடிக்கிறேன். அமெரிக்காவில் பேட்டன் ரூஜ் ஊரில் 1990-களின் கடைசியில் ஃபிராங்க் கேம்ப்பெல் என்பவர் லாஸ் என்ற குழுவைத் தொடங்கினார். கரோனர் அலுவலகத்துக்குத் தகவல் வந்ததும், அதிகாரிகளோடு கூடவே இந்தக் குழுவும் அந்த வீட்டுக்குப் போகும். குழுவில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், அதில் சிலர் முன்பு இதே மாதிரி இழந்தவர்கள். அவங்க விசாரிக்க மாட்டாங்க. பக்கத்தில் உட்காருவாங்க. அடுத்து என்ன நடக்கும்னு சொல்வாங்க. "எனக்கும் இது நடந்துச்சு, நான் இன்னும் இருக்கேன்" என்று அவங்க சொல்லவே வேண்டாம், எதிரில் உட்கார்ந்திருக்கிறதே போதும். இதனால் குடும்பங்கள் உதவி தேடி வர எடுத்துக்கொண்ட காலம் வருஷக்கணக்கிலிருந்து வாரக்கணக்குக்குக் குறைந்தது.

இதைப் படிச்சப்போ அந்த மரத்தடி பெஞ்ச் ஞாபகம் வந்துச்சு. பேப்பர் இல்லாமல் ஒருத்தர் அன்னிக்கு வந்து அவங்க அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தா?

வாசல்படி

இந்த எபிசோடுக்கு ஸ்கிரிப்ட் எழுதி முடிச்ச வாரம் மறுபடி ஊருக்குப் போனேன். எதையும் தயார் பண்ணிக்கிட்டுப் போகலை. பழைய போனிலிருந்து ஒரு போட்டோ மட்டும் பிரிண்ட் எடுத்தேன். பிளஸ் டூ முடிச்ச அன்னிக்கு, மலைப்படிக்கட்டில் எடுத்தது. 365 படியும் நிக்காமல் ஏறுவேன்னு பந்தயம் கட்டிட்டு, பாதியில் உட்கார்ந்து இளநீர் குடிச்சுக்கிட்டு இருப்பான்.

அவங்க அம்மாகிட்ட கொடுத்து, பெயரைச் சொல்லி, "பந்தயத்தில் தோத்துட்டு எனக்கு இருபது ரூபா தரவே இல்லைம்மா" என்றேன். சொல்லும்போதே பயமா இருந்துச்சு, அழுதுடுவாங்களோன்னு. அழுதாங்கதான். அப்புறம் சிரிச்சாங்க. அப்புறம் ரெண்டு மணி நேரம் அவங்களே பேசினாங்க. அவன் மூணு வயசில் காணாமல்போய்ச் சந்தையில் கிடைச்ச கதையெல்லாம் எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். கடைசியில் "அந்த இருபது ரூபாயை நான் தரேன் இரு பா"ன்னு உள்ளே போய் எடுத்துட்டு வந்தாங்க. வாங்கிக்கிட்டேன். பர்ஸில் இருக்கு.

அவங்க துக்கம் தீர்ந்துடுச்சுன்னு சொல்லலை. "உன்கிட்ட மட்டும் ஒண்ணு கேட்கறேன், எனக்கு ஏன் தெரியாம போச்சு?"ன்னும் கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை. "எனக்கும் தெரியலைம்மா"ன்னு மட்டும் சொன்னேன். அது உண்மை. நானும் அவன்கூட முந்தின வாரம் போனில் பேசியிருந்தேன்.

உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டில் இப்படி நடந்திருக்கலாம். 135 பேர் கணக்கைப் பார்த்தா நடந்திருக்கத்தான் செய்யும். நான் கத்துக்கிட்டதைச் சுருக்கமா சொல்றேன்.

"எப்படி நடந்துச்சு?", "ஏன்?", "லெட்டர் இருந்துச்சா?" இந்த மூணையும் கேட்காதீங்க, அதையெல்லாம் ஏற்கெனவே போலீஸ் கேட்டாச்சு. "கொஞ்சம் கவனிச்சிருக்கலாமே" என்று மட்டும் சொல்லவே சொல்லாதீங்க, அதை அவங்க தினமும் தங்களுக்கே சொல்லிக்கிட்டு இருக்காங்க. பெயரைச் சொல்லுங்க. ஞாபகத்தில் இருக்கிற சின்ன விஷயத்தைச் சொல்லுங்க. வேலையா ஏதாவது செய்யுங்க: இறப்புச் சான்றிதழுக்கு அலையணும், பேங்க் கணக்கை முடிக்கணும், இன்ஷூரன்ஸ் இருந்தா பார்க்கணும். தற்கொலை என்றால் காசே வராது என்று நிறைய பேர் நினைக்கிறாங்க. பெரும்பாலான ஆயுள் காப்பீட்டில் அந்த விதி பாலிசி எடுத்த முதல் 12 மாதத்துக்குத்தான். இதைத் தெரியாமலே விட்ட குடும்பங்கள் இருக்கலாம். கூடப் போய்க் கேளுங்க. முதல் மாசம் எல்லாரும் போவாங்க. நீங்க எட்டாவது மாசம் போங்க, பிறந்தநாள் அன்னிக்குப் போங்க.

வெளியே என்ன காரணம் சொல்லணும் என்பதை மட்டும் அந்தக் குடும்பத்துகிட்டயே விட்டுடுங்க. அவங்க நெஞ்சு வலின்னு சொல்லணும்னு நினைச்சா அது அவங்க உரிமை. ஆனால் அவங்க உங்ககிட்ட உண்மையைப் பேச வந்தா, பேச்சை மாத்தாதீங்க.

நீங்களே இழந்தவராக இருந்தால், அல்லது உயிரோடு இருப்பதே பாரமாக இருந்தால், கூப்பிடுங்க. டெலி-மானஸ் 14416. 2022 அக்டோபரிலிருந்து நாடு முழுக்க 24 மணி நேரமும். தமிழ்நாடு அரசின் 104. ஸ்நேகா 044-24640050. அந்தப் பக்கம் எடுக்கிறவங்க கையில் கையெழுத்து வாங்குற பேப்பர் இருக்காது.

அந்த வீட்டுக்கு வர்ற தீபாவளிக்கு மறுபடி போறேன். அவங்க அம்மா இன்னும் நிறைய கதை இருக்குன்னு சொல்லியிருக்காங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். பார்த்துக்கோங்க மக்களே.